தேறுவானா, மாட்டானா? செண்பகத்தோப்பில் ஓர் அதிகாலைப் பஞ்சாயத்து

யானை வந்தால் டிராஃப்ட் ரத்து. இந்தத் தோப்பில் முதல் விதி அதுதான். மோட்டார் ரூம் மாடியில் வைத்த போனை யாரும் தொடக் கூடாது என்பது இரண்டாவது. சிக்னல் அங்கே மட்டும்தான் கிடைக்கிறது. அதுவும் போன் மலைக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்து நிற்க வேண்டும். மூன்றாவது விதியைச் சொல்லும்போது மட்டும் எல்லோர் குரலும் கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடுகிறது: மூணு வருஷம் முடியாமல் எந்தப் பையனையும் ‘ஊத்திக்கிச்சு’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் அபராதம். கூட்டம் மொத்தத்துக்கும் பால்கோவா.

தேதி 2025 ஜூன் 26. மணி அதிகாலை ஐந்து. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே, காட்டழகர் கோயிலுக்குப் போகிற செண்பகத்தோப்பு ரோட்டில், காடு தொடங்குவதற்கு முன்னால் உள்ள ஒரு மாந்தோப்பு. அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-இல் சரணாலயமாகி, 2021-இல் புலிகளுக்காகப் பதவி உயர்வு பெற்ற காடு. மயில் கத்துகிறது. சப்பட்டை மாம்பழ வாசம் மூக்கைப் பிடித்து இழுக்கிறது. இந்த அமைதியான இடத்தில் ஒரு கூட்டம் கயிற்றுக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக் எந்தப் பையனை எந்த அணிக்கு எடுக்கப்போகிறது என்று நகம் கடித்துக்கொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? நேரில் பார்த்த எனக்கே நம்ப முடியவில்லை!

நியூயார்க்கின் புரூக்ளினில் 25-ஆம் தேதி இரவு எட்டு மணி. நமக்கு மறுநாள் காலை ஐந்தரை. கோழி கூவுகிற நேரம்தான் இவர்களுக்கு பிரைம் டைம்.

கூட்டத்தில் யார் யார்? ஓய்வுபெற்ற பி.இ.டி. வாத்தியார் ஒருவர், நாற்பது வருஷம் ஊதிய விசில் இன்னும் கழுத்தில் தொங்குகிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரர். ராஜபாளையத்தில் நாய் வளர்த்து விற்கிற அண்ணாச்சி. தோப்புக்காரர். கல்லூரி அணியில் சென்டர் ஆடுகிற ஒரு பெண். தறிக்காரரின் அக்கா மகன், ஒன்பதாம் வகுப்பு. கை கால் மட்டும் பத்தொன்பது வயசுக்காரனுக்குரியவை. தினமும் சாயங்காலம் ராஜபாளையத்தில் ஒரு சிமெண்டுத் தரையில் சேர்ந்து ஆடுகிறவர்கள். அன்றைக்கு மட்டும் பார்வையாளர்கள். இல்லை, நீதிபதிகள்!

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஐ.பி.எல். ஏலத்தில் பணம் வைத்திருப்பவர் கை தூக்கலாம். டிராஃப்ட்டில் ஏலமே கிடையாது. அணிகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு பையனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பையனுக்கு வாய் திறக்க உரிமை இல்லை. கடந்த வருஷம் மோசமாக ஆடிய அணிகள்தான் வரிசையில் முன்னால் நிற்கும். அதிலும் யார் முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும்.

அந்தக் குலுக்கல் இருக்கிறதே, அதுதான் எனக்குத் தலைகீழாக நின்று ரசிக்கத் தோன்றிய விஷயம். வாத்தியார் அதைச் சொல்லும்போது ஏதோ தானே அந்த ரூமில் நின்றதுபோல் சொல்கிறார். பூட்டிய அறை. உள்ளே போகிற எல்லோருடைய போனும் வாசலிலேயே பறிமுதல். தணிக்கை நிறுவனத்து ஆட்கள், அணிகளின் பிரதிநிதிகள், சில பத்திரிகைக்காரர்கள். நடுவே கண்ணாடி இயந்திரம். அதற்குள் 1 முதல் 14 வரை எண் போட்ட பிங் பாங் பந்துகள். இருபது விநாடி சுழன்றதும் முதல் பந்து. பிறகு பத்துப் பத்து விநாடிக்கு ஒன்றாக மூன்று. இதில் ஒருவருக்கு மட்டும் விசித்திரமான வேலை. இயந்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடிகாரத்தை மட்டும் பார்த்து, நேரம் வந்ததும் கையை உயர்த்த வேண்டும். பந்தைப் பார்த்துவிட்டால் கை கள்ளம் பண்ணிவிடுமாம்! பதினான்கில் நான்கு எண் எடுத்தால் வரக்கூடிய சேர்க்கைகள் 1001. அதில் 1000-ஐ அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்று வந்தால் மறுபடியும் குலுக்குவார்கள். வெளியே தொலைக்காட்சியில் உறையைக் கிழித்து அறிவித்து முடிக்கும்வரை உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியாது. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கெல்லாம் வெடித்துவிடும்.

இவ்வளவு கட்டுக்காவல் எதற்கு? 1985-இல் முதல் குலுக்கல் நடந்தபோது கண்ணாடி உருண்டைக்குள் உறைகளைப் போட்டு எடுத்தார்கள். நியூயார்க் அணிக்குப் பேட்ரிக் யூயிங் போனார். ‘அந்த உறையை மட்டும் ஃபிரீஸரில் வைத்திருந்தார்கள், தொட்டால் சில்லென்று இருக்கும்படி’ என்று அன்றைக்குக் கிளம்பிய புரளி நாற்பது வருஷமாக ஓடுகிறது. 2025-இலும் பாருங்கள். பிப்ரவரியில் லூகா டான்சிச் என்ற வைரத்தை டல்லாஸ் அணி கைமாற்றிவிட்டு ரசிகர்களிடம் வசவு வாங்கியது. மே மாதக் குலுக்கலில் அதே டல்லாஸுக்கு இருந்த வாய்ப்பு 1.8 சதவீதம், அதாவது ஆயிரத்தில் பதினெட்டுச் சேர்க்கை. அடித்தது! தறிக்காரர் இன்றுவரை அந்தக் குலுக்கலை ஒத்துக்கொள்ளவில்லை. “எங்க சீட்டுல எனக்கு மட்டும் கடைசி மாசம்தான் விழுது. அங்க மட்டும் எப்படிண்ணே?” என்று அண்ணாச்சியிடம் கேட்கிறார்.

போனில் படம் அசைந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். டல்லாஸ் எடுத்தது கூப்பர் ஃப்ளாக், வயது 18. எல்லோருக்கும் முன்பே தெரிந்ததுதான் என்றாலும் கைதட்டலில் பக்கத்து மரத்து அணில் ஓடிவிட்டது. அடுத்தடுத்து டிலன் ஹார்ப்பர், வி.ஜே. எட்ஜ்கூம், கான் நிப்பல், ஏஸ் பெய்லி. ஒவ்வொரு பெயருக்கும் நடுவே அணிகளுக்கு ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் இங்கே பஞ்சாயத்து.

பஞ்சாயத்தின் சட்டப்புத்தகம் ஒரு நீள நோட்டு. கணக்குப்பிள்ளைகள் வைத்திருப்பார்களே, அதேதான். வருஷத்துக்கு ஒரு பக்கம். தேர்வான அன்றைக்குப் பென்சிலில் மட்டும் எழுதலாம். மூன்று வருஷம் கழித்துத்தான் பேனா. எனக்கு அந்த நோட்டைக் கையில் கொடுக்கவே மாட்டேன் என்றார் வாத்தியார். சுக்குக் காபி இரண்டு ரவுண்டு ஆன பிறகு கொடுத்தார். பென்சில் குறிப்புகளைப் படிக்கப் படிக்கச் சிரிப்பு தாங்கவில்லை. ‘கை நீளம், புத்தி பாக்கணும்.’ ‘ஓடுறான், எங்க ஓடுறான்னுதான் தெரியல.’ ‘அம்மா நல்லா வளத்துருக்கு.’

இந்த மூன்று வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அண்ணாச்சியைக் கைகாட்டினார்கள்.

ராஜபாளையம் நாய் 2005-இல் இந்தியத் தபால்தலையில் ஏறிய இனம். வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. எங்கெங்கிருந்தோ குட்டி வாங்க வருகிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “இதுல எது பெரிசா வரும்?” அண்ணாச்சி பதில் சொல்லாமல் குட்டிகளுக்குப் பின்னால் போய்ச் சட்டென்று ஒரு கைதட்டு தட்டுவார். வெள்ளை இனத்தில் காது கேட்காத குட்டிகள் பிறப்பதுண்டு. அதை மட்டும்தான் அந்த வயசில் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்பது அவர் கட்சி. “காது கேக்குதா, கேக்கல. அது இன்னைக்கே தெரியும். காவல் காக்குமா, கட்டிப்போட்டாக் கெட்டுப்போகுமான்னு எவன் சொன்னாலும் அவன் யாவாரி” என்றார். தானும் வியாபாரிதான் என்பது நினைவுக்கு வந்ததும் அவரே சிரித்துவிட்டார்.

அமெரிக்காவிலும் ஒரு கைதட்டு இருக்கிறது. சிகாகோவில் மே மாதம் நடக்கும் ‘கம்பைன்’. பையன்களை வரிசையாக நிறுத்திச் செருப்பைக் கழற்றச் சொல்லி உயரம் அளப்பார்கள். இரண்டு கையையும் விரித்து விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை. கையை மேலே தூக்கி எட்டும் உயரம். நின்ற இடத்திலிருந்து குதிக்கும் உயரம். எல்லாம் அங்குலம் பிசகாமல். 2007-இல் இதுபோன்ற ஒரு முகாமில் 185 பவுண்டு, நம் கணக்கில் 84 கிலோ எடையைப் படுத்தபடி எத்தனை முறை தூக்குகிறார்கள் என்று பார்த்தார்கள். கெவின் டுரான்ட் என்ற ஒல்லிக்குச்சியால் ஒரு தடவைகூடத் தூக்க முடியவில்லை! அந்த வருஷம் முதல் இடம் மலைபோல் நின்ற கிரெக் ஓடனுக்கு, டுரான்ட் இரண்டாவது. ஓடனின் முழங்கால் திரும்பத் திரும்ப அறுவைக்குப் போனது. மொத்தமே 105 ஆட்டம். டுரான்ட் 2014-இல் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர். தூக்க முடியாத அந்த எடைக்கம்பி இப்போது எந்த மூலையில் துருப்பிடிக்கிறதோ!

“அளவெல்லாம் பொய்யா சார்?” என்று ஒன்பதாம் வகுப்பு கேட்டான். தன் உயரத்தை நம்பித்தான் அவன் வாழ்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அளவு பொய் இல்லடா. அளந்து முடிச்சதும் வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்கிறதுதான் பொய்யி.”

வாத்தியார் அடுத்து எடுத்தது இந்தக் கூட்டத்துக்கு மனப்பாடமான ஒரு கதை. இருந்தாலும் யாரும் குறுக்கே பேசவில்லை. கதைக்கு மேடை, டெட்ராய்ட் அணியின் பெஞ்சு, 2004.

முந்தைய வருஷ டிராஃப்ட்தான் எல்லோரும் பேசும் 2003. முதலில் லெப்ரான் ஜேம்ஸ். மூன்றாவது கார்மெலோ ஆந்தனி, நான்காவது கிறிஸ் பாஷ், ஐந்தாவது டுவைன் வேட். நடுவில் இரண்டாவதாக டெட்ராய்ட் எடுத்தது செர்பியாவிலிருந்து வந்த டார்கோ மிலிசிச்சை. ஏழடி, பதினெட்டு வயது முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நல்ல அணிக்கு நல்ல இடம் தற்செயலாகக் கிடைத்ததுதான் அவன் கெட்ட காலம். கோப்பையைக் குறிவைக்கிற அணியில் ஒரு பையனை ஆடவிட்டுப் பழக்குவதற்கு நேரம் ஏது? பயிற்சியாளர் லாரி பிரவுன் அவனை உட்காரவைத்தார். ஆட்டம் ஜெயித்து முடிந்த பிறகு, கடைசி இரண்டு நிமிஷத்தில் இறக்கிவிடுவார். ரசிகர்கள் அதற்கே கைதட்டுவார்கள், கேலியாக.

2004 ஜூனில் டெட்ராய்ட், ஷாக், கோபி என்ற இரு நட்சத்திரங்கள் இருந்த லேக்கர்ஸ் அணியை 4-1 என்று கவிழ்த்தது. இறுதித் தொடரின் நாயகன் சான்சி பில்லப்ஸ்.

“யாரு இந்த பில்லப்ஸு? சொல்லு தாயி” என்றார் வாத்தியார், அந்தப் பெண்ணைப் பார்த்து.

“1997-ல மூணாவதா எடுத்த ஆளு சார். எடுத்த பாஸ்டன் 51 ஆட்டத்துல தூக்கிக் கைமாத்திருச்சு. அப்புறம் டொரன்டோ, டென்வர், மினசோட்டான்னு ஊர் ஊரா. ஊத்திக்கிச்சுன்னு எல்லாரும் எழுதிட்டாங்க.”

“பக்கத்துல நிக்கிற பென் வாலஸு?”

“அவரை டிராஃப்ட்ல யாருமே எடுக்கல. பின்னால ஹால் ஆஃப் ஃபேம்.”

என்ன காட்சி பாருங்கள். ஒரே அணி, ஒரே இரவு, ஒரே கோப்பை. ஊத்திக்கிச்சு என்று பெயர் வாங்கியவர் நாயகன். யாருக்குமே வேண்டாதவர் தூண். எல்லோரும் விரும்பிய பையன் பெஞ்சில். எனக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்தது: டெட்ராய்ட்டுக்குக் காத்திருக்கத் தெரியும் என்றுதானே பில்லப்ஸ் கதை சொல்கிறது? தறிக்காரர் என்னைத் திருத்தினார். “இல்லைங்க. பில்லப்ஸு மத்தவன் வீட்டுல அஞ்சு வருஷம் அடிபட்டுத் தயாரானதுக்கப்புறம் டெட்ராய்ட்டு வாங்கிக்கிச்சு. காத்திருந்த செலவு வேற ஆளோடது.” தறி ஓட்டுகிறவருக்குத்தான் செலவுக் கணக்கு புரியும்போல.

டார்கோ இப்போது செர்பியாவில் ஆப்பிள் தோட்டம் வைத்து நிம்மதியாக இருக்கிறார். இதைச் சொன்னதும் தோப்புக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்து, “ஏக்கருக்கு என்ன வருமாம்?” என்றார்.

பொறுமையைப் பற்றி எல்லோரும் ஏதோ மனசு சம்பந்தப்பட்ட குணம்போல் பேசுகிறோம். அங்கே அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தேதி. முதல் சுற்றில் எடுக்கப்பட்ட பையனுக்கு இரண்டு வருஷச் சம்பளம் உறுதி. மூன்றாவது, நான்காவது வருஷங்கள் அணியின் விருப்பம். இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்றாவது வருஷம் வேண்டுமா வேண்டாமா என்பதை இரண்டாவது சீசன் தொடங்குகிற அக்டோபர் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும். அதாவது பையன் ஒரே ஒரு சீசன்தான் ஆடியிருப்பான். பத்தொன்பது வயதில், ஊர் விட்டு ஊர் வந்து, கையில் முதல் சம்பளம். அதற்குள் தேறுவானா மாட்டானா என்று கையெழுத்து! இரண்டாம் சுற்றில் போனவனுக்கு அந்த உறுதிகூடக் கிடையாது. பல ‘ஊத்திக்கிச்சு’கள் பையனுடைய ஆட்டத்தில் பிறப்பதில்லை, இந்தக் காலண்டரில் பிறக்கின்றன என்பது என் முடிவு. கூட்டத்தில் பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “சில குட்டிக்குக் காது கேக்காது சார், நீங்க எத்தனை வருஷம் காத்திருந்தாலும்” என்றார். அதுவும் சரிதான். 2013-இல் முதலிடத்தில் எடுத்த ஆந்தனி பென்னட்டுக்கு நான்கு சீசனில் நான்கு அணிகள் வாய்ப்புக் கொடுத்தன. அதே டிராஃப்ட்டில் பதினைந்தாவதாகப் போன யானிஸ் அடெட்டோகூன்போ முதல் வருஷம் ஆட்டத்துக்கு 6.8 புள்ளிதான், ஆனால் பின்னால் இரண்டு முறை தலைசிறந்த ஆட்டக்காரர், 2021-இல் கோப்பை. முதல் வருஷத் தாளை மட்டும் வைத்துப் பார்த்தால் இருவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

செலவில்லாத பொறுமையும் ஒன்று உண்டு. 2014-இல் 41-ஆவதாக நிகோலா ஜோகிச்சின் பெயரை அறிவித்தபோது தொலைக்காட்சியில் சாப்பாட்டு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது! அவரோ செர்பியாவில் தூங்கிக்கொண்டிருந்தார். எடுத்த டென்வர் அவரை ஒரு வருஷம் அங்கேயே ஆடவிட்டது. சம்பளமும் இல்லை, பெஞ்சும் இல்லை, வசவும் இல்லை. பிறகு மூன்று முறை லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர். இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் ஒன்பதாம் வகுப்பு, “தூங்கிக்கிட்டிருந்தாரா?” என்று மறுபடி மறுபடி கேட்டான். அம்மாவிடம் சொல்லிக் காட்ட ஒரு ஆதாரம் கிடைத்துவிட்டது.

மணி ஆறைத் தாண்டியது. வெளிச்சம் வந்தது. போனில் இப்போதைக்குப் பெரிய பெயர் இல்லை. அந்த இடைவெளியில்தான், கேட்கலாமா வேண்டாமா என்று வைத்திருந்த பெயரை எடுத்தேன்: சத்னம் சிங்.

கூட்டம் இரண்டாக உடைந்தது!

விஷயம் இதுதான். 2015 ஜூன் 25. இதே தேதி, இதே புரூக்ளின் பார்க்லேஸ் சென்டர், எடுத்தது இதே டல்லாஸ். 52-ஆவது பெயராக அறிவிக்கப்பட்டவர் பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துச் சத்னம். ஏழடி இரண்டு அங்குலம். இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்ட்டில் போன முதல் ஆள். அப்பாவும் ராட்சச உயரக்காரர், கோதுமை விவசாயி. லூதியானா அகாடமியில் பயிற்சியாளர் சுப்பிரமணியன் கையில் வளர்ந்து, பதினான்கு வயதில் 2010-இல் ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனவர். போகும்போது ஆங்கிலம் தெரியாது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் என்ற நடுப்படியை மிதிக்காமல், பள்ளிப்படிப்பு முடித்த கையோடு பத்தொன்பது வயதில் டிராஃப்ட்டுக்குள் நுழைந்தார்.

அதற்குப் பிறகு என்.பி.ஏ. சீசனில் ஒரு ஆட்டம்கூட இல்லை. டல்லாஸின் கிளை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் இரண்டு சீசன், பெரும்பாலும் பெஞ்சு. 2017-இல் இந்தியா திரும்பி இங்கே ஒரு லீக், பிறகு கனடாவில் ஒரு லீக். 2020-இல் ஊக்கமருந்து வழக்கில் இரண்டு வருஷத் தடை. இப்போது அமெரிக்கத் தொலைக்காட்சியில் மல்யுத்த வீரர்.

“ஊத்திக்கிச்சுதான்” என்றார் தறிக்காரர். பத்து வருஷம் ஆகிவிட்டது, அபராதம் கிடையாது, தெம்பாகவே சொன்னார்.

அந்தப் பெண் விடவில்லை. “அண்ணே, 52-வதா எடுத்தவனைப் பத்தி ஊத்திக்கிச்சுன்னு சொல்றதே நியாயமில்ல. மொத்தமே அறுபது பேரு. அந்த இடத்துல எடுக்கிறவங்கள்ல எத்தனை பேரு நெலைக்கிறாங்க? டல்லாஸ் அவன்கிட்ட எதிர்பாத்தது கொஞ்சம். நாமதான் நூறு கோடிப் பேரும் சேந்து அவனை முதல் நம்பரா ஆக்கிட்டோம்.”

“அவனுக்கு ஆறு எடம் முன்னாடி போன நார்மன் பவல்?” இது வாத்தியார். 46-ஆவது தேர்வு, கோப்பை வென்ற டொரன்டோ அணியில் இருந்தவர், இன்றும் ஆடுகிறார்.

“பவல் நாலு வருஷம் கல்லூரியில ஆடிட்டு வந்தவரு சார். சத்னம் அந்த நாலு வருஷத்தை எங்க ஆடினான்? அவனுக்குக் குடுக்க வேண்டிய பொறுமையை டிராஃப்ட்டுக்கு அப்புறம் தேடினா எப்படி? முன்னாடியே குடுத்திருக்கணும்.”

எனக்கு அந்தப் பெண் சொன்னதுதான் சரியாகப் பட்டது. நோட்டில் சத்னம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். பேனாவில் தீர்ப்பு எழுதவே இல்லை. பென்சிலில் ‘பெரிய பையன், நேரம் வேணும்’ என்று இருக்கிறது. அதை யாரோ அழிக்கப் பார்த்து, வேறு யாரோ மேலேயே மறுபடி எழுதியிருக்கிறார்கள்.

உயரமான பையன்கள் விஷயத்தில் வாத்தியாருக்கு ஒரு தனிச் சிலபஸே உண்டு. எலும்பு முதலில் வளர்ந்துவிடும். சதையும் நிதானமும் பின்னால்தான் வரும். பந்து கைக்கு வருவதற்குள் கால் தடுக்கும். பதின்மூன்று வயதில் ஏழெட்டு மாதத்தில் கிடுகிடுவென வளர்ந்த பையன் தன் கையே எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஆடுவான். சின்ன வயதில் சுட்டியாக இருக்கும் குட்டைப் பையன் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து கூடை போடுவான். பார்க்கிறவர்கள் குட்டைப் பையனுக்குக் கைதட்டுவார்கள். நம் ஊர் விளையாட்டு விடுதித் தேர்வுகளில் ஏழாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளை எடுக்கிறார்கள். அந்த வயதில் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, ஒரு மைதானம் நிறையப் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் என்கிறார். 2009 டிராஃப்ட்டில் இரண்டாவதாக மெம்பிஸ் எடுத்த ஹஷீம் தபீட் தான்சானியாக்காரர், ஏழடிக்கு மேல். பந்தைத் தொட்டதே பதின்பருவத்தில், தாமதமாக. நிலைக்கவில்லை. அவருக்குப் பின்னால் மூன்றாவது ஜேம்ஸ் ஹார்டன், ஏழாவது ஸ்டீபன் கறி. “மெம்பிஸ்காரன் இன்னும் அழுதுக்கிட்டிருப்பான்” என்றார் அண்ணாச்சி, ஏதோ பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல.

நமக்கும் ஒரு டிராஃப்ட் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இந்த மலைக்கு அந்தப் பக்கம் தேனி மாவட்டம். அங்கே பெரியகுளத்தில் மே மாதத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். பகல் வெயிலில் மாம்பழம், ராத்திரி விளக்கில் ஆட்டம். வங்கி, ரயில்வே, வருமான வரி, ராணுவம் என்று துறை அணிகள் வரும். கேலரியில் உட்கார்ந்திருக்கும் ஒரு அதிகாரி பக்கத்து ஆளிடம் ‘அந்த எட்டாம் நம்பர் எந்த ஊரு?’ என்று கேட்டால், எட்டாம் நம்பரின் வாழ்க்கை மாறிவிடும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. என்.பி.ஏ. தரும் உறுதி இரண்டு வருஷம். ரயில்வே தரும் உறுதி ஓய்வுபெறும்வரை! உலகத்திலேயே இதைவிடப் பொறுமையான டிராஃப்ட் கிடையாது என்று நான் சொன்னதும் வாத்தியார் விசிலை ஊதிவிட்டார். அது பாராட்டா, ஃபவுலா என்று கடைசிவரை சொல்லவில்லை.

“அந்தப் பொறுமையில ஒரு கெடுதலும் இருக்கு சார்” என்றாள் அந்தப் பெண். வேலை கிடைத்த அன்றைக்கே ஆட்டம் நின்றுபோனவர்கள் உண்டு. நிற்காதவர்களும் உண்டு. சென்னையின் அனிதா பால்துரை பதினெட்டு வருஷம் இந்தியாவுக்காக ஆடினார்; பத்தொன்பது வயதில் கேப்டன். குழந்தை பெற்ற பிறகு திரும்பி வந்து, 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவை வென்ற அணியில் ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ. நோட்டில் அவருக்கு ஒரு தனிப் பக்கம் இருக்கிறது, டிராஃப்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல். யார் எழுதியது என்று கேட்டேன். அவள் காபி டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள்.

அன்றைக்கு முக்கிய நிகழ்ச்சி இன்னொன்று. மூன்று வருஷம் முடிந்ததால் 2022-ஆம் வருஷப் பக்கத்துக்குப் பேனா எடுக்கும் நாள்! தறிக்காரர் சட்டைப் பையிலிருந்து ரெனால்ட்ஸ் பேனாவை எடுத்தபோது எல்லோரும் நெருங்கி வந்தோம்.

முதலிடம் பாவ்லோ பாங்கெரோ: ‘தேறிட்டான்.’ விவாதமே இல்லை. இரண்டாமிடம் செட் ஹோம்கிரன்: ஏழடி உயரம், ஊதினால் பறக்கும் உடம்பு. எடுத்த அந்தக் கோடையிலேயே பாதத்தில் அடிபட்டு முதல் சீசன் முழுக்க வெளியே. பென்சிலில் யாரோ ‘ஒடிஞ்சிருவான்னு சொன்னேன்ல’ என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து அண்ணாச்சியுடையது, அவர் மறுக்கவுமில்லை. அந்த ஹோம்கிரன் ஆடும் ஓக்லஹோமா சிட்டி, நாங்கள் தோப்பில் உட்கார்ந்திருந்த அந்த வாரம்தான், ஜூன் 22-ஆம் தேதி, ஏழாவது ஆட்டத்தில் இந்தியானாவைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கியிருந்தது. அதே டிராஃப்ட்டில் பன்னிரண்டாவதாக அதே அணி எடுத்த ஜேலன் வில்லியம்ஸ் இறுதித் தொடரில் ஒரே ஆட்டத்தில் 40 புள்ளி அடித்திருந்தான். வில்லியம்ஸுக்கு ‘தேறிட்டான்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு. பத்தாவதாகப் போன ஜானி டேவிஸ், 2025 பிப்ரவரியில் கைமாற்றப்பட்டு உடனே விடுவிக்கப்பட்டவன். அதற்கு மட்டும் தறிக்காரர் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். “இருபத்து மூணு வயசு அண்ணே அவனுக்கு. என் மாப்பிள்ளை அந்த வயசுல வேலைக்கே போகல.” கடைசியில் ‘ஊத்திக்கிச்சு’ என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘இப்போதைக்கு’ என்று சேர்த்தார். விதிப்படி செல்லாது என்று வாத்தியார் கத்தினார். வாக்கெடுப்பு நடந்தது. ‘இப்போதைக்கு’ ஜெயித்தது.

அப்போதுதான் மாடியிலிருந்து ஒன்பதாம் வகுப்பின் அலறல். யானையோ என்று தோப்புக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

“சைனாக்காரன் சார்! பதினாறாவது! சைனாக்காரன்!”

யாங் ஹான்சென். ஏழடி ஒரு அங்குலம். இரண்டாம் சுற்றில் போவான் என்று பெரும்பாலான நிபுணர்கள் எழுதிவைத்திருந்த பையனை முதல் சுற்றிலேயே பதினாறாவது இடத்தில் எடுத்து, அந்தத் தேர்வைப் போர்ட்லாந்துக்குக் கைமாற்றிவிட்டார்கள். அரங்கமே வாய் பிளந்து நிற்பது சின்னத் திரையிலும் தெரிந்தது. இங்கேயும் அதே கதைதான். அண்ணாச்சி தலையில் கைவைத்தார். தோப்புக்காரர் யாரென்று தெரியாமலே கைதட்டினார். தறிக்காரர் உணர்ச்சிவசப்பட்டு, “போச்சு! போர்ட்லாந்து ஊத்திக்கிச்சு, பையனும் ஊத்திக்கிச்சு!” என்றார்.

ஒரு கணம் மௌனம். பிறகு விசில்.

“அபராதம்! எழுது தாயி. கால் கிலோ வீதம் தலைக்கு.”

“ஏய், அவனை எடுத்து ஒரு நிமிஷம்தான் ஆகுது...”

“அதுக்குத்தான்டே அபராதம்.”

தறிக்காரர் கொஞ்சநேரம் முரண்டு பிடித்தார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். பால்கோவா வாங்கித் தருகிறேன். ஆனால் 2028 ஜூனில் நான் சொன்னது சரியாகிவிட்டால் அத்தனை பேரும் எனக்குத் திருப்பித் தர வேண்டும். வெறுமனே இல்லை, வட்டியோடு. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எத்தனை வட்டி என்று கேட்டார். நூற்றுக்கு இரண்டு என்றார் தறிக்காரர். அது கந்துவட்டி என்று அண்ணாச்சி எகிறினார். கூட்டுறவு வங்கி வட்டிதான் போடணும் என்றாள் அந்தப் பெண். கடைசியாக ஒன்றரைக்கு முடிந்தது. நோட்டில் தேதி போட்டு, பென்சிலில்தான் எழுதினார்கள். எழுதி முடிப்பதற்குள் போர்ட்லாந்துக்கு அடுத்த பெயரையும் அதற்கடுத்த பெயரையும் எல்லோரும் தவறவிட்டிருந்தார்கள்.